சென்னைப் புறநகர் ஓட்டல்கள்: சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம்

கேள்வி, 31 மே 2025

"தி. நகரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட இந்தப் பக்கம் உருப்படியாக ஒரு இடம்கூட இல்லை. எல்லாக் கடையிலும் ஒரே மெனு, ஒரே சாம்பார். நல்லா சாப்பிடணும்னா சிட்டிக்குள்ளதான் போகணும். மறுப்பவர்கள் கடையோடு மறுக்கவும்."

1 ஜூன் 2025, ஞாயிறு இரவு

பாதி மறுக்கிறேன்.

சேலையூரில் 11 வருடமாக இருக்கிறேன். ஞாயிறு எங்கள் வீட்டில் ஒரு வேளை அடுப்பு பற்றவைப்பதில்லை. அம்மாவுக்கு 71 வயது, முட்டி தேய்ந்துவிட்டது. 46 வருடம் சமைத்தவருக்கு வாரத்தில் ஒரு வேளையாவது ஓய்வு வேண்டும் என்று நான்தான் இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தேன். அப்பாவுக்கு 78. மூன்று பேரும் ஆட்டோவில் போய் வரும் தூரம்தான் எங்கள் எல்லை. அந்த எல்லைக்குள் நாங்கள் ஏறாத ஓட்டல் அநேகமாக இல்லை.

ஒரே மெனு என்பது உண்மை. மெனு அட்டையில் நாற்பது தோசை இருக்கும், ஆனால் மாவு ஒன்றுதான். சாம்பார் ஒன்று, சட்னி மூன்று. ராத்திரி வரும் பனீர் பட்டர் மசாலா, மஷ்ரூம் மசாலா, மிக்ஸ்டு வெஜ் எல்லாம் வெங்காயமும் தக்காளியும் அரைத்துக் காய்ச்சிய ஒரே கிரேவியிலிருந்து பிரிவதுதான். இது புறநகரின் குறை இல்லை. நீங்கள் தி. நகரில் சாப்பிட்டதும் அப்படித்தான் வந்திருக்கும்.

சிட்டிக்குள்தான் போக வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சரவண பவன் 1981இல் தொடங்கியது கே.கே. நகரில். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே ஓட்டல் இல்லை, தி. நகர்வரை போக வேண்டியிருக்கிறது என்று ஒருவர் அலுத்துக்கொண்டதைக் கேட்டுத்தான் கடை வைக்கும் எண்ணமே வந்தது என்று சொல்வார்கள். நீங்கள் இன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் சொல்வதும் அதே அலுப்புதான்.

அதே இரவு, சற்று நேரம் கழித்து

கடையோடு சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். குறை சொல்லும்போது நான் கடைப் பெயர் போட மாட்டேன். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு ஒருவர் பிழைப்பில் கைவைக்க மனம் வரவில்லை. எந்தப் பக்கம், எந்த நேரம், என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்கிறேன்.

புதுக் கடை என்றால் முதல் தடவை இட்லி, சாதா தோசை, ஃபில்டர் காபி. அவ்வளவுதான். நெய்யும் சீஸும் போட்டால் எது மாவின் ருசி, எது மேலே போட்டதன் ருசி என்று தெரியாது.

8 ஜூன் 2025

கேம்ப் ரோடு பக்கம் ஒரு சைவ ஓட்டல், மாலை 4 மணி. ராத்திரி கூட்டத்தில் அம்மா நிற்க முடியாது என்று சீக்கிரமாகப் போனோம். அது தப்பான கணக்கு. "தோசை அஞ்சு மணிக்கு மேலதான்" என்றார் சப்ளையர். கல் அணைந்திருந்தது. இட்லி இருக்கிறது என்றார். வந்தது காலையில் வேகவைத்து மறுபடி ஆவி காட்டிய இட்லி. ஓரம் காய்ந்து, நடுவில் நசநசவென்று ஈரம். தேங்காய்ச் சட்னி லேசாகப் புளித்திருந்தது. சாம்பார் இனித்தது. பருப்பைக் குறைத்து வெல்லத்தை அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நான் சப்ளையரைக் கூப்பிட்டுச் சட்னியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். "விடும்மா. யாரோ செஞ்சு, உக்காந்த இடத்துல கொண்டுவந்து குடுக்குறாங்க. அதுவே எனக்குப் போதும்." சட்னியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார். வீட்டில் என் சாம்பாரில் உப்பு அரைச்சிட்டிகை கூடினாலும் கண்டுபிடிப்பவர் அவர்.

காபி மட்டும் நன்றாக இருந்தது. டபராவைத் தொட முடியாத சூடு.

9 ஜூன் 2025

சாம்பார் இனித்ததைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார்: உடுப்பி பாணியில் வெல்லம் போடுவதுதான் முறை, அதைப் பருப்புத் திருட்டு என்று சொல்வது நியாயமில்லை என்று. சரிதான். அந்தக் கடையில் ரவா இட்லியும் நீர் தோசையும் எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பருப்பைக் குறைத்தார்கள் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சட்னி புளித்தது புளித்ததுதான்.

15 ஜூன் 2025

இன்று எழுத வேண்டியது சாப்பாட்டைப் பற்றி இல்லை, சத்தத்தைப் பற்றி.

அப்பா இரண்டு வருடமாகக் காதுக்கருவி போடுகிறார். வீட்டில் நன்றாகவே கேட்கிறது. ஓட்டலுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் பேச்சை நிறுத்திவிடுவார். அவருக்கு வெளியே வரப் பிடிக்கவில்லை என்று நான் பல மாதம் நினைத்திருந்தேன். இன்று மேடவாக்கம் ரோட்டில் ஒரு ஏ.சி. ஹாலில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்: "எல்லாம் ஒண்ணா வருதும்மா. தட்டு விழுற சத்தமும் நீ பேசுறதும் ஒரே அளவுக்குக் கேக்குது."

சுற்றிப் பார்த்தேன். தரை டைல்ஸ், மேஜை கிரானைட், சுவர் கண்ணாடி. எச்சில் தட்டைப் பிளாஸ்டிக் டப்பில் வீசுகிறார்கள். டம்ளரை அடுக்குவது ஒரு சத்தம், ஜூஸ் போடும் மிக்ஸி ஒரு சத்தம், டி.வி.யில் பாட்டு வேறு. சத்தத்தை உள்வாங்க ஒரு துணிகூட அந்த ஹாலில் இல்லை. எல்லாம் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. காதுக்கருவி அத்தனையையும் சேர்த்துத்தான் தூக்கிக் கொடுக்கிறது.

ஓட்டலைப் பற்றி எழுதுகிறவர்கள் ருசி, விலை, சுத்தம் என்று மூன்றைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 78 வயதுக்காரர் வாரத்தில் ஒரு நாள் வெளியே வருவது எங்களோடு பேசிக்கொண்டு சாப்பிடத்தான். அதற்கு வழியில்லை என்றால் தோசை எவ்வளவு முறுகலாக இருந்தும் என்ன?

இனி ஏ.சி. ஹாலுக்குக் கூடுதல் விலை கொடுக்கப் போவதில்லை. முன்பக்கம் திறந்த சாதா ஹாலில், ரோட்டுச் சத்தம் இருந்தும், அப்பாவுக்கு இதைவிடக் கேட்கிறது. சுவரோர மேஜையில், அவருடைய முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தால் இன்னும் பரவாயில்லை. "தம்பி, டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா" என்று கேட்டேன். உடனே குறைத்தார்கள். இரண்டு வருடமாகக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

22 ஜூன் 2025

கஃபே அனுபவம். வேளச்சேரி–தாம்பரம் மெயின் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, வீடாக இருந்ததைக் கஃபேயாக மாற்றியிருக்கிறார்கள். கப்புசினோ 190 ரூபாய், சாண்ட்விச் 240. காபி ஆறித்தான் வந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நுரையைத்தான் விக்கிறாங்க போல" என்றார். பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் சேர்த்திருந்தார்கள். அது சட்ட விரோதம் என்று சொன்னேன். எடுத்துவிட்டார்கள். இனிப் போக மாட்டேன்.

23 ஜூன் 2025

மேலே "சட்ட விரோதம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். திருத்தம். சர்வீஸ் சார்ஜை நம்மைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது, அது கொடுக்காவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் போட்ட நெறிமுறை இது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் சரி என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நாமே விரும்பிக் கொடுத்தால் தடையில்லை. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. கல்லாவில் இருந்த பெண் முகம் சுளிக்காமல் எடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்டிருந்தார்கள். நம் பக்கம் இருக்கும் சாதாரண ஓட்டல்களுக்கு 5 சதவீதம், ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2017 நவம்பர் 15க்கு முன்பு ஏ.சி.க்கு 18, இல்லாததற்கு 12. சிறிய கடைகள் சில காம்போசிஷன் என்ற, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கும். அவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், பில்லில் தனியாகப் போட்டு நம்மிடம் வாங்க முடியாது. ஒரு மெஸ்ஸில் ஜிஎஸ்டி எண்ணே இல்லாத பில்லில் 5 சதவீதம் போட்டிருந்தார்கள். கேட்டதும், "பழைய பில் மெஷின், அக்கா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். நம்பினேன்.

29 ஜூன் 2025

பரோட்டா, பிரியாணி பற்றி ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்பவர்களுக்கு: அம்மா சைவம், அப்பா அசைவம். அதனால் இரண்டும் கிடைக்கும் கடைக்குத்தான் போக முடியும், அல்லது பிரியாணியைப் பார்சல் வாங்க வேண்டும்.

பிரியாணிக்கு நேரம்தான் எல்லாம். கிழக்குத் தாம்பரத்தில் நான் வாங்கும் கடையில் பகல் 12 மணிக்கு முன்பே தம் உடைக்கிறார்கள். ஒரு மணிக்குள் போனால் சோறு உதிரி உதிரியாக, மசாலா ஒரே சீராக வரும். இரண்டரைக்குப் போனால் அண்டாவின் அடி. எண்ணெய் இறங்கி, சீரகச் சம்பா குழைந்து, காரம் ஏறியிருக்கும். அதே கடை, அதே நாள். ஒருவர் ஆகா என்று எழுதுவார், இன்னொருவர் காசு வீண் என்று எழுதுவார், இரண்டும் உண்மைதான்.

பரோட்டா ஏழு மணிக்கு மேல். வீசிப் போட்டு, வெந்ததும் கல்லிலிருந்து எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் தட்டி உதிர்க்கும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். சால்னா சூடாக இருந்தால் மற்றதெல்லாம் மன்னிக்கலாம். அப்பாவுக்குப் பல் சரியில்லை, அதனால் பிய்த்துச் சால்னாவில் ஊறப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

பஜ்ஜி, போண்டா வாங்குவதற்கு முன் எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, கெட்டியாகி, நுரை அடங்காமல் இருந்தால் வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. நம்மிடம் அளக்கும் கருவி இல்லை, மூக்கு இருக்கிறது.

13 ஜூலை 2025

முடிச்சூர் பக்கம் உறவினர் வீட்டு விசேஷம். திரும்பும் வழியில் ஒரு ஓட்டல். ஆறு படி, கைப்பிடி இல்லை. அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். ஏன் இவ்வளவு உயரம் என்று கல்லாவில் கேட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம். அதற்குப் பிறகு கட்டியதெல்லாம் உயர்த்தித்தான் கட்டினோம் என்றார். நியாயமான காரணம். எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் ஆறு படி கட்டியவர்கள் ஓரமாக ஒரு கைப்பிடிக் குழாயும் வைத்திருக்கலாம். போகும்போது அதைச் சொன்னேன். "வைக்கிறேம்மா" என்றார்.

கழிப்பறை: இந்தப் பகுதி ஓட்டல்களின் மிகப் பெரிய குறை இதுதான், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பூட்டி வைத்துச் சாவியைக் கல்லாவில் வாங்கச் சொல்கிறார்கள். வயதான பெண்மணி பத்து ஆண்கள் நிற்கும் இடத்தில் போய்ச் சாவி கேட்க வேண்டும். அம்மா கேட்க மாட்டார். அதனால் ஞாயிறு பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பார். இது எனக்குத் தெரிந்ததே இந்த வருடம்தான். இப்போது புது இடம் என்றால் நான் முதலில் போய்க் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்துதான் அவர்களை ஆட்டோவிலிருந்து இறக்குகிறேன்.

3 ஆகஸ்ட் 2025, ஆடிப்பெருக்கு

கலந்த சாதத்துக்காக ஜூன் 8 அன்று நான் குறை சொன்ன அதே கேம்ப் ரோடு ஓட்டலுக்குப் போனோம். அம்மாதான் அங்கே போகலாம் என்றார், அந்தக் காபிக்காக. இந்தத் தடவை பகல் 12:15. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல், வடாம். புளியோதரையில் எள் வறுத்துப் பொடித்துப் போட்டிருந்தார்கள். வேர்க்கடலை கடைசிவரை நமுக்கவில்லை. அம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

நாலு மணிக்கு ஒரு கடை, பன்னிரண்டு மணிக்கு வேறொரு கடை. ஜூன் 8 குறிப்பைப் படித்து யாராவது அங்கே போகாமல் இருந்திருந்தால், தயவுசெய்து சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள்.

இதற்கு எதிர்மாறாக, ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் நான்கு வருடமாக எல்லாருக்கும் சொல்லிவந்த தோசைக் கடை இறங்கிவிட்டது. போன ஞாயிறு தோசை கல்லில் ஒட்டி, நடுவில் வெள்ளையாக வந்தது. விசாரித்தால், தோசை மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டாராம், உளுந்தூர்பேட்டைப் பக்கம். புதிதாக வந்திருப்பவர் ஒடிசாவிலிருந்து வந்த பையன், இருபது வயது இருக்கும். மாவு பழையபடியேதான் இருக்கிறது, வாயில் வைத்தால் தெரிகிறது. கல்லின் சூடு இன்னும் அவன் கைக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் தெளித்துத் துடைத்த உடனே மாவை ஊற்றிவிடுகிறான். இதைப் போய்க் கடை மோசம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முன்பு நன்றாக இருந்தது என்று நான் சொன்னதெல்லாம் அந்த மாஸ்டரைத்தான் என்பது இப்போது புரிகிறது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை.

17 ஆகஸ்ட் 2025

"இனிப் போக மாட்டேன்" என்று எழுதிய கஃபேக்குப் போனேன். அப்பா கேட்டார். "அந்த சோபா போட்ட கடைக்குப் போலாமா?"

எனக்கு ஆச்சரியம். உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. துணி உறை போட்ட சோபா, ஜன்னலுக்கு கனமான திரை, ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. எவர்சில்வர் ஒன்றுகூட இல்லை. பாட்டு இருந்தது, ஆனால் மெதுவாக. அப்பா பேசினார். ஒன்றரை மணி நேரம் பேசினார். தாம்பரம் யார்டில் ரயில்வே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸில் மாத டோக்கன் புத்தகம் வாங்குவாராம். ஊருக்குப் போகும் நாட்களின் டோக்கனைக் கிழித்து, சம்பளம் பத்தாத ஒரு நண்பருக்குக் கொடுத்துவிடுவாராம். அந்த நண்பர்தான் பிறகு அம்மாவின் ஜாதகத்தைக் கொண்டுவந்தவர். அம்மாவுக்கே டோக்கன் கதை தெரியாது. "இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே" என்றார்.

அந்த 190 ரூபாயை நான் காபியின் விலை என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. இப்போதும் காபி சுமார்தான், சாண்ட்விச் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை டீ சொல்லுங்கள், 110 ரூபாய், சூடாக வருகிறது. கழிப்பறை தரைத்தளத்திலேயே இருக்கிறது, சாவி இல்லை. அம்மா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பில்லில் சர்வீஸ் சார்ஜ் இல்லை. ஜூன் 22 குறிப்பை அழிக்காமல் விடுகிறேன், இதையும் சேர்த்துப் படியுங்கள்.

18 ஆகஸ்ட் 2025

ஃபில்டர் காபி பற்றிக் கேட்டவருக்கு: ஜிஎஸ்டி ரோட்டில் (வரி இல்லை, தாம்பரம் வழியாகப் போகும் நெடுஞ்சாலை) "கும்பகோணம் டிகிரி காபி" பலகைகளையும் பித்தளை டபராவையும் பார்த்து நம்ப வேண்டாம், பொடியைக் கேளுங்கள். கலப்புப் பொடியில் சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பாக்கெட்டில் அளவு அச்சிட்டிருக்க வேண்டும். கேம்ப் ரோடு ஓட்டலில் கேட்டேன், காபி 80, சிக்கரி 20 என்று பாக்கெட்டையே எடுத்துக் காட்டினார் காபி மாஸ்டர். டிகாக்‌ஷனை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை புதிதாக இறக்குகிறார். அன்று நாலு மணிக்கும் அந்தக் காபி நன்றாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

31 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஆடிப்பெருக்குக் குறிப்பைப் படித்துவிட்டு கேம்ப் ரோடு ஓட்டலுக்கு மதியம் போனாராம். சாப்பாடு பிடித்திருந்தது, சாம்பார் இன்னும் இனிக்கிறது என்கிறார். மேடவாக்கத்தில் காலை டிபனுக்கு ஒரு சின்னக் கடை கண்டுபிடித்திருப்பதாகவும், எட்டு மேஜைதான், டி.வி. இல்லை, ஒரே ஒரு படிதான் என்றும் எழுதியிருக்கிறார். படியை எண்ணிச் சொன்னதற்கு நன்றி.

ராஜகீழ்ப்பாக்கம் தோசைக் கடைக்கு இன்று போனோம். கல்லைத் துடைத்துவிட்டு அந்தப் பையன் இப்போது கொஞ்சம் காத்திருக்கிறான். இரண்டு தோசை நன்றாக வந்தது, மூன்றாவது ஓரத்தில் கிழிந்தது. கிழிந்ததை அவனே எடுத்து வைத்துவிட்டு வேறு ஊற்றிக் கொடுத்தான். பெயர் கேட்டு வைத்திருக்கிறேன், இங்கே போடவில்லை.

அடுத்த ஞாயிறு மேடவாக்கம், காலை ஏழரைக்கே. அம்மா பூரி வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.